எலிப் பாஷாணமும் வைத்தியசாலை வெள்ளைப் பாலும்: ஒரு பெருக்கல் கணக்கின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. "வைத்தியசாலையில் எக்ஸ்றே எடுக்க முதல் குடிக்கத் தருகிற வெள்ளைப் பால் பேரியம். பேரியம் என்றால் எலிப் பாஷாணம். குடிக்காதீங்க" என்று ஒருவர் மிகவும் உறுதியாகச் சொல்கிறார். இதைக் கேட்டுவிட்டு, சோறு விழுங்கக் கஷ்டப்படும் ஒரு வாப்பா தனக்கு எழுதிக் கொடுத்த பேரியம் சுவாலோ பரிசோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். அவருடைய மகன் எனக்கு மெசேஜ் போட்டார்: "சேர், நீங்க கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறீங்கதானே. இது உண்மையா?"

வயதான ஒருவருக்கு விழுங்க முடியாமல் போவது தள்ளிப்போடக்கூடிய விசயமல்ல. அதனால் மகனுக்கு அன்றே பதில் எழுதினேன். ஆனால் அந்தக் குரல் பதிவில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை ஒரு வரியில் மறுக்க முடியாது. பேரியம் விஷம்தான். பேரியம் காபனேற்றை எலிகளைக் கொல்லப் பயன்படுத்தியதும் உண்மைதான். அப்படியிருக்க அதே பேரியத்தை ஒரு கோப்பை நிறைய மனிதனுக்குக் குடிக்கக் கொடுக்கலாம் என்ற துணிவு வைத்தியத்துக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கதை நானூறு வருடம் பழையது. அதன் நடுவில் உயர்தரப் பிள்ளைகள் வெறுக்கும் ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது: கரைதிறன் பெருக்கம்.

கதை இத்தாலியில், பொலோன்யா நகரில் தொடங்குகிறது. 1602, 1603 அளவில் வின்சென்சோ கஷியரோலோ என்ற ஒரு சப்பாத்துத் தொழிலாளி, பக்கத்து மலையொன்றில் வழக்கத்துக்கு மாறாகப் பாரமான கற்களைக் கண்டெடுத்தார். அவருக்கு இரசவாதத்திலும் ஆசை இருந்தது. பாரமாக இருக்கிறதே, தங்கம் எடுக்கலாமோ என்று நினைத்துக் கரியோடு சேர்த்துச் சுட்டார். தங்கம் வரவில்லை. ஆனால் சுட்ட கல் பகல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் இருட்டில் ஒளிர்ந்தது. ஐரோப்பா முழுவதும் "பொலோன்யாக் கல்" என்று அதைப் பேசினார்கள். அந்தப் பாரமான கல்தான் பேரைற்று, அதாவது இயற்கையில் கிடைக்கும் பேரியம் சல்பேற்று. கரியோடு சுட்டபோது அது சல்பைட்டாக மாறியிருந்தது. 1774 இல் சுவீடன் இரசாயனவியலாளர் ஷீலே இதில் புதிய ஒரு "மண்" இருப்பதைக் கண்டார். கிரேக்க மொழியில் பாரம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. 1808 இல் ஹம்ப்ரி டேவி மின்னைக் கொண்டு உலோகத்தைப் பிரித்தெடுத்தார். இந்தப் பகுதியை இத்தோடு விடுகிறேன். பரீட்சைக்கு வராது.

பேரியம் அயன் உடம்புக்குள் போனால் என்ன செய்யும்? நமது தசைகளும் இதயமும் ஒழுங்காக இயங்க, பொற்றாசியம் அயன்கள் கலங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வர வேண்டும். பொற்றாசியம் வெளியேறும் வாசலை பேரியம் அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் பொற்றாசியம் விழுந்துபோகிறது. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும், பிறகு கைகால் தளர்ச்சி, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. நன்றாகக் கரையக்கூடிய பேரியம் குளோரைட்டு என்றால் ஒரு கிராம் அளவே ஒரு மனிதனுக்கு உயிராபத்து. இந்த ஒரு கிராமை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு வேண்டும்.

இப்போது எக்ஸ்றே பக்கம் வருவோம். 1895 நவம்பர் 8 இல் ரொன்ட்ஜன் புதிய கதிரைக் கண்டுபிடித்தபோது அவருடைய அறையில் ஒளிர்ந்த திரையில் பூசியிருந்ததும் ஒரு பேரியம் சேர்வைதான். பேரியம் பிளாற்றினோசயனைட்டு. பேரியத்துக்கும் எக்ஸ்றேக்கும் உறவு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எலும்பு எக்ஸ்றேயில் நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதில் கல்சியம் இருக்கிறது. பாரமான அணுக்கள் கதிரை மறிக்கும். இரைப்பையும் குடலும் நீரும் இறைச்சியும்தான், படத்தில் நிழலே விழாது. அமெரிக்காவில் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் வோல்டர் கனன் என்ற மாணவர், முதலாம் வருடத்திலேயே, 1896 இல் ஒரு யோசனையைச் செய்து பார்த்தார். பிஸ்மத்து உப்பை உணவில் கலந்து விலங்குகளுக்குக் கொடுத்து, அது தொண்டையிலிருந்து இறங்குவதை எக்ஸ்றேயில் பார்த்தார். ஒரு வாத்து, பிறகு பூனைகள். பூனை கோபப்பட்டால், பயந்தால் அதன் இரைப்பை அசைவதை நிறுத்திவிடுகிறது என்பதையும் கண்டார். மனக்கவலை வந்தால் சோறு இறங்காது என்று நமது உம்மாமார் சொல்வது அங்கே ஒரு திரையில் நிழலாகத் தெரிந்தது. (ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கு அல்லது ஓட்டத்துக்குத் தயாராகிறது என்ற பிரபலமான கருத்தும் பின்னாளில் இவரிடமிருந்து வந்ததுதான்.)

1904 இல் மியூனிச்சில் ரீடர் என்ற வைத்தியர் பிஸ்மத்து உபநைத்திரேற்றைக் கஞ்சி மாதிரி உணவில் கலந்து மனிதர்களுக்குக் கொடுத்து, இரைப்பையையும் குடலையும் ஒழுங்காகப் படம் பிடிக்கும் முறையை உருவாக்கினார். "ரீடர் சாப்பாடு" என்றே பெயர். இன்றும் நாம் "பேரியம் மீல்" என்று சொல்வதிலுள்ள "மீல்" அந்தச் சாப்பாட்டின் மிச்சம்தான்.

ஆனால் பிரச்சினை வந்தது. பிஸ்மத்து பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அதோடு ஒட்டியிருந்த நைத்திரேற்றைக் குடலிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்றின. நைத்திரைற்று இரத்தத்தில் ஏறினால் குருதிக்கு ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். 1906 தொடக்கம் சில மரணங்கள் ஜேர்மன் மருத்துவ உலகில் பேசப்பட்டன. நோயைக் கண்டுபிடிக்கக் கொடுத்த கஞ்சியே ஆளைக் கொன்றது. நைத்திரேற்றை விட்டு பிஸ்மத்து காபனேற்றுக்குப் போனார்கள், ஆனால் விலை அதிகம். பாரமாகவும் இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும், உடம்பு தொடவும் கூடாது. அப்படி ஒன்று வேண்டியிருந்தது.

1910 இல் ஜேர்மனியின் பொன் நகரில் (தங்கமல்ல, ஊரின் பெயர்) பாஹெம், குந்தர் என்ற இருவர் பேரியம் சல்பேற்றை முன்வைத்தார்கள். அது அப்போதே வெள்ளைப் பூச்சுச் சாயமாகத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மலிவான பொருள். நச்சியல் தெரிந்த ஒருவர் "பேரியத்தைக் குடிக்கக் கொடுப்போம்" என்று சொல்வது இலேசான விசயமா? "அது தண்ணீரில் கரையாது" என்பதுதான் பதில். நாங்கள் சாதாரணதரத்தில் படிப்பிப்பதும் அதைத்தான்: பேரியம் சல்பேற்று கரையாது, வெள்ளை வீழ்படிவு, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்திலும் கரையாது.

ஆனால் "கரையாது" என்பது ஓ.எல். பதில். உயிரோடு விளையாடும்போது அது போதாது. கரையாது என்றால் எவ்வளவு கரையாது? ஒரு கிராம் கொல்லும் என்றால், இருநூறு கிராம் குடிப்பவரின் வயிற்றில் எத்தனை மில்லிகிராம் அவிழும்? இதற்கு எண் சொல்லும் வழி, பாஹெமும் குந்தரும் எழுதுவதற்கு இருபது வருடங்களுக்கு முன்னரே கிடைத்துவிட்டது.

அதைக் கண்டுபிடித்த வழியில் முதலில் வருவது நோர்வேயின் இரண்டு மச்சான்மார். குல்ட்பேர்க் கணிதக்காரர், வாகே இரசாயனவியலாளர். 1864 இல் இருவரும் சேர்ந்து, ஒரு இரசாயனத் தாக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பது பொருட்களின் செறிவைப் பொறுத்தது என்றும், முன்னோக்கியும் பின்னோக்கியும் நடக்கும் தாக்கங்கள் ஒரு சமநிலையில் நிற்கும் என்றும் எழுதினார்கள். நோர்வே மொழியில் எழுதியதால் வெளியே யாரும் கவனிக்கவில்லை. சிறிய மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. பிறகு 1867 இல் பிரெஞ்சிலும் 1879 இல் ஜேர்மனிலும் எழுத வேண்டியிருந்தது. அவர்கள் பரிசோதனைக்கு எடுத்த தாக்கங்களில் ஒன்று என்ன தெரியுமா? பேரியம் சல்பேற்றைப் பொற்றாசியம் காபனேற்றுக் கரைசலோடு வைத்தால் பேரியம் காபனேற்றும் பொற்றாசியம் சல்பேற்றும் வரும், அது திரும்பியும் நடக்கும். நமது கதையின் நல்லவனும் கெட்டவனும் ஒரே குடுவைக்குள், 1860களிலேயே.

அடுத்தவர் சுவீடனின் அரேனியஸ். உப்பு நீரில் கரையும்போது அயன்களாகப் பிரிந்துவிடுகிறது என்ற எண்ணத்துக்கு வித்திட்ட ஆய்வுக் கட்டுரையை 1884 இல் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். மிகக் குறைந்த தரத்தில்தான் சித்தி போட்டார்கள். 1887 இல் முழுமையாக வெளியிட்டார், 1903 இல் அதற்கே நோபல் பரிசு. பிள்ளைகளின் ரிப்போட்டைப் பார்த்து ஏசும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்கலாம்.

மூன்றாமவர்தான் நமது ஆள். வால்தர் நேர்ன்ஸ்ட். 1864 இல் பிறந்தவர், குல்ட்பேர்க்கும் வாகேயும் எழுதிய அதே வருடம். லைப்சிக் நகரில் ஒஸ்ற்வால்டின் உதவியாளராக இருந்தபோது, 1889 இல், உப்புகள் ஒன்றின் கரைதிறனை மற்றொன்று எப்படி மாற்றுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். வயது இருபத்தைந்து. மச்சான்மாரின் செறிவு விதியையும் அரேனியஸின் அயன்களையும் சேர்த்துக் கட்டினார். அவ்வளவுதான், ஆனால் அதற்குமுன் யாரும் அப்படிக் கட்டியிருக்கவில்லை.

அவர் சொன்னதை நமது பாஷையில் சொல்கிறேன். தேத்தண்ணிக்கு அளவுக்கு மிஞ்சிச் சீனி போட்டால் அடியில் தங்கும். மேலே இருப்பது நிரம்பல் கரைசல். அடியிலிருந்து கரைவதும் மேலிருந்து படிவதும் நின்றுவிடவில்லை, சம வேகத்தில் நடக்கின்றன. உப்பு என்றால் மேலே இருப்பவை இரண்டு வகை அயன்கள். பேரியம் சல்பேற்று என்றால் பேரியம் அயனும் சல்பேற்று அயனும். இந்த இரண்டின் செறிவையும் பெருக்கி வரும் தொகை, வெப்பநிலை மாறாதவரை, மாறாது. அந்தத் தொகைதான் கரைதிறன் பெருக்கம். பெருக்கம் 16 என்று வையுங்கள். நாலு தர நாலும் 16, எட்டுத் தர இரண்டும் 16, பதினாறு தர ஒன்றும் 16. ஒருவர் கூடினால் மற்றவர் குறைந்தே ஆக வேண்டும்.

நேர்ன்ஸ்ட் இதைச் சோதிக்க வெள்ளி அசற்றேற்றை எடுத்தார். புத்திசாலித்தனமான தெரிவு. அது கொஞ்சமாகக் கரையும், ஆனால் தராசில் அளக்கக்கூடியளவு கரையும். வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்தாலும் கரைதிறன் குறைந்தது, சோடியம் அசற்றேற்றைச் சேர்த்தாலும் குறைந்தது, கணக்குச் சொன்ன அளவுக்குக் கிட்டவாகவே குறைந்தது. உயர்தரத்தில் "பொது அயன் விளைவு" என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான்.

பேரியம் சல்பேற்றைத் தராசில் அளப்பது கஷ்டம். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். அங்கே கோல்றோஷ் வருகிறார். மின்கடத்தலை அளப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நிரம்பல் கரைசல் எவ்வளவு மின்னைக் கடத்துகிறது, சுத்தத் தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது, வித்தியாசம் எத்தனை அயன்களால் வந்தது என்று பார்த்தால் கரைந்த அளவு தெரியும். 1893 இல் இப்படிப் பல "கரையாத" உப்புகளின் கரைதிறனை அளந்து வெளியிட்டார்கள். "கரையாது" என்ற சொல் அன்றோடு செத்தது என்பது என் கருத்து. எல்லாம் கரையும், எவ்வளவு என்பதே கேள்வி.

இனிக் கணக்கு. பயப்படாதீர்கள், வர்க்கமூலம் ஒன்றுதான்.

25 பாகை செல்சியசில் பேரியம் சல்பேற்றின் கரைதிறன் பெருக்கம் ஏறக்குறைய 1.1 × 10⁻¹⁰. சுத்தத் தண்ணீரில் கரையும்போது ஒரு பேரியத்துக்கு ஒரு சல்பேற்றுத்தான் வரும். ஆகவே இரண்டின் செறிவும் சமன். ஒரே எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 1.1 × 10⁻¹⁰ வரவேண்டும். அந்த எண் 1.05 × 10⁻⁵. அதாவது ஒரு லீற்றரில் 0.0000105 மூல் பேரியம் அயன். பேரியத்தின் சாரணுத்திணிவு 137.3. பெருக்கினால் லீற்றருக்கு 1.4 மில்லிகிராம்.

இதை எதோடு ஒப்பிடுவது? குடிநீரில் பேரியம் 1.3 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டல் சொல்கிறது. அமெரிக்காவின் எல்லை 2 மில்லிகிராம். அதாவது பேரியம் சல்பேற்றை அடியில் கொட்டி வைத்த தண்ணீரில் கரைந்திருக்கும் பேரியம், வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீருக்கு அனுமதித்த அளவுக்குக் கிட்டத்தான் வருகிறது. வைத்தியசாலையில் குடிப்பது வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒருவர் 200 கிராம் பேரியம் சல்பேற்றுக் குடிக்கிறார் என்று வைப்போம். அதற்குள் பேரியம் மட்டும் 117 கிராமுக்கு மேல். முழுவதும் கரைந்தால் நூறு பேருக்கும் மேல் கொல்லப் போதும். அந்த நூறு மரணத்துக்கும் ஒரு மில்லிகிராம் சொச்சத்துக்கும் நடுவில் நிற்பது 1.1 × 10⁻¹⁰ என்ற எண் மட்டும்தான். பேரியத்தை உடம்பிலிருந்து மறைக்க உறையோ பூச்சோ ஒன்றும் அதில் இல்லை.

குரல் பதிவை நம்பிய ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், அது தண்ணில. வயித்துக்குள்ள அசிட் இருக்கே?" மிக நல்ல கேள்வி. முழுக் கதையும் இங்கேதான் திரும்புகிறது.

இரைப்பையில் ஐதரோகுளோரிக்கமிலம் இருக்கிறது. நல்ல அமில நிலையில் அதன் ஐதரசன் அயன் செறிவை 0.1 என்று எடுப்போம். சல்பேற்று அயனில் ஒரு பகுதியை ஐதரசன் அயன் பிடித்து ஐதரசன்சல்பேற்றாக்கிவிடும். கணக்குப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான் சல்பேற்றாக மிஞ்சும். பெருக்கம் மாறக்கூடாது என்பதால் அந்தக் குறையை நிரப்ப இன்னும் கொஞ்சம் உப்புக் கரையும். எவ்வளவு? பத்து மடங்கு என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். வர்க்கமூலம் எடுக்க வேண்டுமே! மூன்று மடங்குதான். லீற்றருக்கு 1.4 இலிருந்து 4.4 மில்லிகிராம் வரை. இரைப்பையில் ஒரு லீற்றரும் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது பேரியம் காபனேற்று. அதன் கரைதிறன் பெருக்கம் 2.6 × 10⁻⁹. மேலே செய்த அதே வர்க்கமூலக் கணக்கைச் செய்தால் லீற்றருக்கு ஏழு மில்லிகிராம் பேரியம். சல்பேற்றைவிட ஐந்து மடங்கு, அவ்வளவுதான். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே இனம், இரண்டும் "கரையாத" வெள்ளைத்தூள். அப்படியென்றால் ஒன்று எலிப் பாஷாணமாகவும் மற்றது வைத்தியசாலைப் பாலாகவும் ஆனது எப்படி?

காபனேற்று அயன் அமிலத்தைக் கண்டால் காபனீரொட்சைட்டாகி ஏவறையாக வெளியே போய்விடும். சல்பேற்று பிடிபட்டாலும் கரைசலுக்குள்ளேயேதான் இருக்கிறது. காபனேற்று ஆளே இல்லை. பெருக்கலில் ஒரு பக்கம் பூச்சியத்துக்குக் கிட்டப் போனால் மறுபக்கம் எவ்வளவு ஏறினாலும் தொகை நிரம்பாது. உப்புக் கரைந்துகொண்டே இருக்கும். தூள் முடியும்வரை, அல்லது அமிலம் முடியும்வரை. அரை லீற்றர் இரைப்பைச் சாற்றில் 0.1 செறிவில் அமிலம் இருந்தால் ஐதரசன் அயன் 0.05 மூல். ஒரு பேரியம் காபனேற்றுக்கு இரண்டு ஐதரசன் அயன். ஆகவே 0.025 மூல், அதாவது 3.4 கிராம் பேரியம் கரைசலுக்கு வரும். அங்கே நாலு மில்லிகிராம், இங்கே மூவாயிரத்து நானூறு மில்லிகிராம். எலி செத்தது இந்த வித்தியாசத்தில்தான்.

இது வெறும் கரும்பலகைக் கதையல்ல. 2003 இல் பிரேசிலில் எக்ஸ்றேக்குக் குடிக்கக் கொடுக்கும் ஒரு பேரியம் மருந்தைக் குடித்தவர்கள் சில மணித்தியாலங்களில் வாந்தி, வயிற்றோட்டம், தளர்ச்சி என்று விழுந்தார்கள். பலர் உயிரிழந்தார்கள். ஒரு மருந்து நிறுவனம் பேரியம் காபனேற்றிலிருந்து சல்பேற்றைத் தானே தயாரிக்க முயன்றிருந்தது. தாக்கம் முழுமையாக நடக்கவில்லை, காபனேற்று மிஞ்சிய தூள் போத்தலுக்குள் போனது. ஒரு கணக்குக்காக, 150 கிராம் தூளில் பத்தில் ஒரு பங்கு காபனேற்று என்று வைத்துப் பாருங்கள். 15 கிராம் காபனேற்று, அதற்குள் பத்துக் கிராம் பேரியம். பார்வைக்கு வெள்ளை, வாசமில்லை, தண்ணீரில் கலக்கினால் கரையாது. நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த ஊழியருக்கும் தெரியாது. வயிற்றிலுள்ள அமிலத்துக்கு மட்டும் தெரியும்.

குரல் பதிவு செய்தவர் ஒருவேளை இப்படியொரு செய்தியைக் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே கொன்றது பேரியம் சல்பேற்றல்ல, அதற்குள் ஒளிந்திருந்த காபனேற்று. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "பேரியம் விஷம்" என்று அனுப்புவதை நான் பொறுப்பற்ற வேலை என்றே சொல்வேன். மருந்தாளர்களுக்கு இது பழைய பாடம். சல்பேற்று, சல்பைட்டு, சல்பைற்று என்று பெயர்கள் ஓரெழுத்தில் மாறுவதால், பேரியம் சல்பேற்று என்பதைச் சுருக்காமல் முழுமையாக எழுத வேண்டும் என்று பழைய மருந்தாக்கல் நூல்கள் எச்சரித்திருக்கின்றன.

பேரியம் விஷம் ஏறியவருக்குக் கொடுக்கும் முதலுதவி மருந்தும் இதே பெருக்கலிலிருந்துதான் வருகிறது. சோடியம் சல்பேற்று அல்லது மகனீசியம் சல்பேற்று. இரண்டாவது நமது வீடுகளுக்குத் தெரிந்த எப்சம் உப்பு. சல்பேற்று அயனின் செறிவை 0.1 ஆக்கினால், பேரியம் அயனின் செறிவு 1.1 × 10⁻¹⁰ ஐ 0.1 ஆல் பிரித்த அளவு, அதாவது 1.1 × 10⁻⁹ ஆக விழும். சுத்தத் தண்ணீரில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விஷத்தை வயிற்றுக்குள்ளேயே எக்ஸ்றேப் பாலாக்கிவிடுகிறோம். (உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: செறிவு கூடிய கரைசலில் அயன்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் உண்மையான எண் இதைவிடக் கூடும். பரீட்சையில் இப்படியே செய்யுங்கள், வாழ்க்கையில் அளந்து பாருங்கள். வீட்டில் யாராவது எதையாவது விழுங்கினால் எப்சம் உப்பைத் தேடாமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.)

இந்தப் பெருக்கல் நமது கிணற்றுக்குள்ளும் இருக்கிறது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டுத்தான் காரணம். கல்சியம் புளோரைட்டின் கரைதிறன் பெருக்கம் ஏறக்குறைய 3.9 × 10⁻¹¹, இங்கே புளோரைட்டுச் செறிவை இரண்டு தரம் பெருக்க வேண்டும். லீற்றருக்கு 80 மில்லிகிராம் கல்சியம் உள்ள தண்ணீர் தாங்கக்கூடிய புளோரைட்டு 2.7 மில்லிகிராம் அளவு. கல்சியம் 20 மில்லிகிராம் என்றால் 5.3 வரை போகலாம். பரிந்துரைத்த எல்லை 1.5. "கல்சியம் குறைந்த மெல்லிய தண்ணிதான் நல்ல தண்ணி" என்று நாங்கள் வாயால் ருசி பார்த்துச் சொல்வது எப்போதும் சரியாக இருக்காது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தே பார்க்க வேண்டும். இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில விசயம். நான் வைத்தியரல்ல, வைத்தியர் சொல்வதே முதல். பேரியம் குடித்த பிறகு ஓரிரு நாள் மலம் வெள்ளையாகப் போகும், அது பேரியம் அப்படியே வெளியேறுகிறது என்பதற்கு அடையாளம். மலச்சிக்கல் வரலாம், தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். குடலில் ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வைத்தியர்கள் பேரியம் கொடுக்க மாட்டார்கள், அயடீன் சேர்ந்த வேறு மருந்து கொடுப்பார்கள். ஏனென்றால் கரையாத தூள் வயிற்றறைக்குள் கசிந்தால் அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். குடலுக்குள் நம்மைக் காப்பாற்றும் அதே கரையாத்தன்மை அங்கே பிரச்சினையாகிறது. ஆகவே கடும் வயிற்றுவலி, முன்னர் செய்த சத்திரசிகிச்சை, விழுங்கும்போது புரையேறுவது போன்றவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்றே என்றாலே சொல்ல வேண்டும்.

பிரேசிலில் தவறிப்போன பரிசோதனை என்ன என்று கேட்டால், அது எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடியது. மருந்து நியமநூல்கள் கேட்பதும் இதைப் போன்ற ஒன்றைத்தான். தூளில் கொஞ்சம் எடுத்து ஐதான அமிலத்தோடு கொதிக்க வையுங்கள். வடிதாளில் வடியுங்கள். வடிந்த தெளிந்த நீரில் ஒரு துளி சல்பூரிக்கமிலம் விடுங்கள். காபனேற்று இருந்திருந்தால் அது அமிலத்தில் கரைந்து பேரியம் அயனாக வடிநீருக்கு வந்திருக்கும், சல்பேற்றைக் கண்டதும் பெருக்கம் மிஞ்சி வெள்ளையாகக் கலங்கும். தெளிவாகவே இருந்தால் தூள் சுத்தம். வடிதாளும் ஒரு துளி அமிலமும்தான் செலவு.

உயர்தரப் பிள்ளைகளுக்கு இந்த வார வேலை: பேரியம் சல்பேற்று வீழ்படிவை ஒரு லீற்றர் வடித்த தண்ணீரால் கழுவினால் எத்தனை மில்லிகிராம் கரைந்து போகும்? 0.01 செறிவுள்ள ஒரு லீற்றர் சோடியம் சல்பேற்றுக் கரைசலால் கழுவினால்? சார்மூலக்கூற்றுத்திணிவு 233.4 என்று எடுங்கள். ஒஸ்ற்வால்ட் 1894 இல் பகுப்பாய்வு இரசாயனவியல் பற்றி எழுதிய நூலில் ஆய்வுகூடங்களுக்கு விளங்கப்படுத்திய விசயம் இதுதான். விடையைச் செய்கையோடு கமெண்டில் போடுங்கள், வெறும் எண்ணுக்குப் புள்ளி இல்லை.